மலையடியில் ஒரு பாதி மைதானம்

கடலூர்

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, மடப்பட்டு, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர், வேலூர் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு சித்தூர் வரை ஒரு சாலை போகிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தச் சாலையில் ஒருமுறை பயணம் செய்ய வேண்டும். நான் பார்க்க வேண்டியிருந்தவர் திருவண்ணாமலையில் கல்லூரிப் பெண்களுக்குக் கால்பந்து பயிற்றுவிக்கும் ஒரு பெண்மணி. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக நேரே போயிருக்கலாம். ஆனாலும் கடலூரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பட்டது. அதற்குக் காரணம் எஸ். மாரியப்பன்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையேறியபோது தமிழ்நாட்டில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் கடலூர் ஒன்று. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள், வீட்டில் வைத்துச் சோறு போட வழியில்லாமல் போன பிள்ளைகள் எல்லாரும் அரசு இல்லங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்த சிறுமிகளை மைதானத்துக்குக் கூட்டிவந்து காலில் பந்தைக் கொடுத்தவர் மாரியப்பன். அவர் கையில் வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி 2017-18 பருவத்தில் இந்தியப் பெண்கள் லீக்கிலேயே ஆடியது. இந்துமதி கதிரேசன், சுமித்ரா காமராஜ், சந்தியா ரங்கநாதன் என்று இந்தியச் சீருடை அணிந்த பெயர்கள் இந்தக் கரையிலிருந்து வந்தவை. இந்துமதி இன்று தமிழ்நாடு காவல்துறையில் அதிகாரி. சந்தியா அரசு இல்லத்தில் தங்கி வளர்ந்தவர். அதை அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

மாலையில் அண்ணா விளையாட்டரங்கத்தின் ஓரம் நின்று பார்த்தேன். ஆடிக்காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடையின் மேல் பாதியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்த ஒரு சிறுமி இடக்காலால் பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, வலது பக்கம் தள்ளினாள். நிறுத்துவது, பார்ப்பது, தள்ளுவது. இந்த மூன்றும் ஒரு குழந்தைக்குச் சேர்ந்து வர வருஷக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் நின்று கத்த வேண்டும். வேலியோரம் சைக்கிளோடு நின்ற ஒரு பெரியவர், "எங்க ஊருக்குப் பேர் வாங்கிக் குடுத்தது இந்தப் பொண்ணுங்கதாம்மா" என்றார். அவர் குரலில் இருந்த பெருமை உண்மையானது.

2018 பிப்ரவரி 14. கட்டாக்கில் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்தின் இறுதி ஆட்டம். அந்தக் கோப்பை பல காலமாக மணிப்பூரின் சொத்து. அன்று தமிழ்நாடு 2-1 என்று மணிப்பூரை வென்று முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் எடுத்துவந்தது. இவ்வளவு பெரிய செய்திகளுக்கு நம் பத்திரிகைகள் எத்தனை பத்தி ஒதுக்கின என்று நினைத்துப் பார்த்தால் நெஞ்சு வலிக்கிறது.

இரவு தேவனாம்பட்டினத்தில் சங்கரா மீன் குழம்பும் சோறும். கடல் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருந்தது.

பண்ருட்டி

பலாப்பழக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. சாலையோரத்தில் கடைசிக் கடைசியாகக் குவித்து வைத்திருந்த பழங்களின் மணம் பேருந்துக்குள் வரை வந்தது. சுளைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குக் கொடுத்ததும் பேச்சு தொடங்கியது. முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை பார்க்கிறாராம். தோலெண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல் நுனிகளைக் காட்டினார். மகள் பதினொன்றாம் வகுப்பு, கபடி ஆடுகிறாள். "ஆடட்டும்மா. நல்லா ஆடினா காலேஜ்ல ஃபீஸ் இல்லாம சேத்துக்குவாங்களாமே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வழியெல்லாம் என்னோடு வந்தது. வட தமிழ்நாட்டில் ஒரு கூலிக்காரக் குடும்பம் தன் பெண்ணை மைதானத்துக்கு அனுப்புவது பதக்க ஆசையால் மட்டுமல்ல. கல்லூரியில் கட்டணச் சலுகை கிடைக்கும், விடுதியில் மூன்று வேளை சாப்பாடு கிடைக்கும், பிறகு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு வாய்ப்பு கிடைக்கும் என்ற கணக்கு இருக்கிறது. அது நியாயமான கணக்கு. அந்தக் கணக்கைத் தாய் தகப்பனிடம் உட்கார்ந்து போட்டுக்காட்டும் ஆள் பெரும்பாலும் பயிற்சியாளர்தான்.

திருக்கோவிலூர்

தென்பெண்ணை ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு ஆற்றுப் பக்கம் இறங்கினேன். நடு ஆற்றில் பாறை மேல் சின்னக் கோயிலோடு நிற்கிறது கபிலர் குன்று. பாரி மாண்ட பிறகு அவனுடைய இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, அவர்களுக்கு ஒரு வாழ்வு தேடி அரசன் அரசனாக ஏறி இறங்கிய கபிலர், கடமையை முடித்துவிட்டு வடக்கிருந்து உயிர்விட்ட இடம் என்று ஊர் இதைச் சொல்கிறது. பெற்றவர் இல்லாத பெண் பிள்ளைகளுக்காக வாசல் வாசலாகப் போய் நின்ற ஒரு புலவரின் நினைவிடத்துக்கு, முந்தின நாள் பார்த்த கடலூர் மைதானத்திலிருந்து வந்து நிற்கும்போது வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை.

கரையில் ஒரு பாட்டி கேழ்வரகுக் கூழ் விற்றார். மோர்மிளகாய், வெங்காயம், மாங்காய்க் கீற்று. ஆடியில் அம்மன் கோயில்களில் வார்க்கும் கூழுக்கு ஈடு உண்டா என்பார்கள். பாட்டியின் கூழும் குறைந்ததல்ல. அங்கிருந்து ஏறிய பேருந்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவில்தான் இடம் கிடைத்தது. ஊர் வெகு தூரத்தில் இருக்கும்போதே மலை தெரிந்துவிட்டது. முதலில் நீலமாக, பிறகு பழுப்பாக, கடைசியில் பாறையும் புதரும் தனித்தனியாக.

திருவண்ணாமலை

விடியும் நேரம். 217 அடி ராஜகோபுரத்துக்கு மேல் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. பெரிய தெருவில் பூக்கடைகள் திறந்திருந்தன. நான் போனது கோயிலுக்கு அல்ல. ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு மைதானத்துக்கு. செம்மண் தரை, இரண்டு பக்கமும் துருவேறிய கோல் கம்பம், ஒன்றில் மட்டும் வலை. பின்னணியில் அண்ணாமலை முழுதாக எழுந்து நின்றது.

அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கல்லூரியின் பெயரும் வேண்டாம். நாற்பதைத் தாண்டிய வயது, டிராக் பேண்ட், கழுத்தில் விசில், கையில் சுண்ணாம்புப் பொடி வாளி. கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோடு போட்டு முடித்ததும் கோன்களை வைத்தார். பிறகு பைக்கிலிருந்து தண்ணீர்க் கேனை இறக்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தபோது பெயர் சொல்லி, "சாப்டியா? என்ன சாப்ட?" என்று கேட்டார். ஒருத்தி பதில் சொல்லாமல் நின்றாள். வண்டிப் பெட்டியிலிருந்து வாழைப்பழம் எடுத்து நீட்டினார். மறுபேச்சு இல்லாமல் அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள்.

"இந்த வேலைக்குப் பேரே கிடையாது மேடம்," என்றார் என்னிடம். "ஆர்டர்ல பிசிகல் டைரக்டர்னு இருக்கும். கபடி, கோகோ, வாலிபால், அத்லெட்டிக்ஸ், செஸ், கேரம் எல்லாம் நான்தான். ஸ்போர்ட்ஸ் டே நான்தான். சுதந்திர தினத்துக்கு மார்ச் பாஸ்ட் நான்தான். மிச்ச நேரத்துலதான் ஃபுட்பால் கோச்."

அந்த மிச்ச நேரம் என்பது காலை ஐந்தரை முதல் எட்டு வரை. மாலை நாலரை முதல் இருட்டும் வரை.

தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமம் அவருக்கு. பள்ளியில் கபடி. கல்லூரி முதல் வருஷம் ஒரு பி.டி. சார் இவர் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுக் கால்பந்து அணியில் நிறுத்தினார். ஆள் பற்றாததால் நிறுத்தினார் என்பதை இவர் சிரிப்போடு சொல்கிறார். நிறுத்தின இடம் ரைட் பேக். அந்த இடத்திலேயே பல்கலைக்கழக அணி வரை போனார். பி.பி.எட்., எம்.பி.எட். முடித்தார். தனியார் பள்ளியில் பி.டி. மிஸ், காலை பிரேயரில் வரிசை நிறுத்துவதும், மற்ற ஆசிரியர் வராத வகுப்பில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுமே அங்கே வேலை. திருமணம், குழந்தை. பிறகு கல்லூரி வேலை. அதன்பிறகுதான் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சிக்குப் போனார். ஆண்கள் நடுவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பெண்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அடுத்தது சி லைசென்ஸ். அதற்கான செலவையும் விடுப்பையும் நினைத்து இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறார். டி, சி, பி, ஏ என்று ஏறிப்போகும் அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு மாசச் சம்பளத்தைத் தின்னும் படி.

இதற்கிடையே ஆண்கள் அணி வந்தது. கேள்வி கேட்பார் யாரும் இல்லாமல் மைதானத்தின் ஒரு பாதி அவர்களுக்குப் போனது, வலை இருந்த பாதி. பெண்கள் மறுபாதிக்கு நகர்ந்தார்கள். பாதி மைதானத்தில் பழகி முழு மைதானத்தில் ஆட வேண்டும். நீளப் பாஸ் பழக இடம் இல்லை. கோல் கீப்பர் பந்தை உதைத்தால் ஆண்கள் ஆட்டத்துக்குள் போய் விழுகிறது. அதனால் இவர் அணி குட்டிக் குட்டிப் பாஸில் தேர்ந்துவிட்டது. "டீ, டைம் இருக்குடீ! திரும்பு!" "பின்னாடி ஆள்! விட்ரு!" என்று அவர்கள் கூவிக்கூவி ஆடுவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், ஒல்லி, குள்ளம். மூன்று பேர் சூழ்ந்து நிற்க, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். பிறகு குதிகாலால் பின்னுக்குத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். மைதானத்தின் மறுபாதியில் ஆடிய பையன்களே கைதட்டினார்கள். கோச் கைதட்டவில்லை. "ஆளைத் தாண்டினப்புறம் தலையைத் தூக்கு!" என்று கத்தினார்.

சென்னையில் நான் குடியிருக்கும் பகுதியில் பச்சைச் செயற்கைப் புல் போர்த்திய ஆடுகளங்கள் முளைத்துவிட்டன. மணிக்கணக்கில் வாடகை. ராத்திரி பத்து மணிக்கும் விளக்கெரியும். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் ஆடுகிறார்கள். அங்கே பெண்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே விளக்கு கிடையாது, புல் கிடையாது. இருபது பெண்கள் விடியுமுன் வந்து நிற்கிறார்கள்.

பயிற்சி முடிந்து அவித்த மல்லாட்டையும் முளைகட்டிய பயறும் சாப்பிடும்போது கேட்டேன், இந்த வேலையில் எது கஷ்டம் என்று. மைதானம் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் சொன்னது ஓ.டி. லெட்டர். போட்டிக்குப் போகும் நாட்களை வருகைப்பதிவில் சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பருவத் தேர்வும் பல்கலைக்கழக அணித் தேர்வும் ஒரே வாரத்தில் வரும். "கெமிஸ்ட்ரி லேப் போச்சுன்னா யார் பொறுப்புன்னு கேப்பாங்க. நியாயம்தானே? அந்தப் புள்ளைக்கு லேப் தனியா வெச்சுக் குடுங்கன்னு நான் போய் நிப்பேன். பதினைஞ்சு வருஷமா நின்னுட்டுதான் இருக்கேன்."

அடுத்தது அரை டிராயர். சில வீடுகளில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லெகிங்ஸ் போட்டு அதற்கு மேல் அரை டிராயர் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியூர்ப் போட்டி என்றால் அப்பாக்களிடம் இவரே வீட்டுக்குப் போய்ப் பேசுவார். ரயிலில் இரவெல்லாம் விழித்திருப்பார். மாதவிடாய் நாட்களில் எவ்வளவு ஓடலாம், எப்போது ஓய்வு என்பதை ஒவ்வொருத்திக்கும் தனி நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் படித்ததல்ல. தான் ஆடிய காலத்தில் கேட்க ஆளில்லாமல் தவித்ததிலிருந்து வந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று சொல்வதற்கு இதற்கு மேல் ஒரு காரணம் எனக்கு வேண்டியதில்லை.

தீபத் திருவிழா வந்தால் ஊரின் வெற்றிடமெல்லாம் வண்டி நிறுத்துமிடமாகும். அந்த வாரம் பயிற்சி கிடையாது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. "அது அண்ணாமலையாரோட வாரம்," என்றார். "பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் பக்தர்களுக்குத் தண்ணி குடுக்க நிறுத்திடுவேன்."

உலகத்தின் மறுபக்கத்தில் இதே வேலை எப்படி இருக்கிறது என்று அவரிடம் பேசினேன். ஆன்சன் டோரன்ஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருந்தார். டோரன்ஸ் 1951-இல் நம் பம்பாயில் பிறந்தவர் என்பது தெரியாது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1979-இல் பெண்கள் கால்பந்து அணியைத் தொடங்கி, 2024-இல் ஓய்வுபெறும் வரை அதன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். தொள்ளாயிரத்துக்கு மேல் வெற்றிகள், 22 தேசியக் கல்லூரிப் பட்டங்கள். நடுவில் அமெரிக்கப் பெண்கள் அணிக்கும் பயிற்சியளித்து 1991-இல் முதல் பெண்கள் உலகக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். மியா ஹாம் அவருடைய மாணவி. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரு சட்டம். அரசு நிதி பெறும் கல்வி நிலையம் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1972-இல் வந்த அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் கல்லூரிகள் பெண்கள் அணிகளுக்கு மைதானமும் உதவித்தொகையும் முழுநேரப் பயிற்சியாளரும் கொடுத்தன. இன்று அங்கே முதல் நிலைப் பிரிவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிப் பெண்கள் அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமைப் பயிற்சியாளர், அவருக்கு உதவியாளர்கள்.

"நாற்பத்தஞ்சு வருஷம் ஒரே டீம்!" என்றார் அவர். பட்டங்களின் எண்ணிக்கை அவரைத் தொடவில்லை. ஒரே அணியோடு அவ்வளவு காலம் இருக்க விட்டார்களே என்பதுதான் வியப்பாக இருந்தது.

நம் நாட்டில் இது நேற்று முளைத்த விளையாட்டு அல்ல. 1975-லேயே பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் இருந்தது. 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும், 1983-இல் பாங்காக்கிலும் இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அதன் பிறகு நீண்ட தேக்கம். தேசிய அணிக்கு ஒரு பெண், கோவாவின் மேமோல் ராக்கி, முதல் முறையாகத் தலைமைப் பயிற்சியாளரானது 2017-இல். அவர் கீழ் 2019-இல் தெற்காசியக் கோப்பை வந்தது. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதல் முறை ஆசியக் கோப்பைக்குள் இந்தியா நுழைந்தது. அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் விடுதி முற்றத்தில் எல்லாரும் சேர்ந்து பார்த்ததாகப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் பேசிச் சொன்னார்கள்.

கல்லூரி மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியில் பொறியியல் கல்லூரி நடத்தும் சீனி முகைதீன் தொடங்கிய சேது எஃப்.சி., அம்ருதா அரவிந்தின் பயிற்சியில் 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை எடுத்தது. அந்த அணியில் கடலூர்ப் பெண்களும் ஆடினார்கள். தங்குமிடம், சாப்பாடு, மைதானம், பயிற்சியாளர் என்ற நான்கும் ஒரே இடத்தில் கிடைத்ததும் பட்டம் வந்தது.

பவழக்குன்று

வெயில் ஏறுவதற்குள் பவழக்குன்றுக்குப் போனேன். ஊருக்கு நடுவிலேயே சின்னக் குன்று, படிகள். ரமணர் இளமையில் சில காலம் இருந்த இடம். பார்வதி தவமிருந்து சிவனிடம் இடப்பாகம் பெற்ற தலம் திருவண்ணாமலை. அந்தத் தவம் நடந்த இடமாக இந்தக் குன்றைச் சொல்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று மலை மேல் சுடர் ஏறுவதற்கு முன், கோயிலிலிருந்து அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போவார். அந்தக் காட்சிக்காக லட்சக்கணக்கானோர் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். உடம்பில் சரிபாதி அம்மனுக்கு என்று நம்பும் ஊர். மைதானத்திலும் பெண்களுக்குப் பாதி கிடைக்கத்தான் செய்கிறது. வலை உள்ள பாதியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கேட்டு வாங்கும் நிலையில் இல்லாமல் தானாகக் கிடைக்க வேண்டும்.

கிரிவலப் பாதை

மாலையில் பழைய மாணவிகள் இரண்டு பேர் என்னோடு கிரிவலம் வந்தார்கள். 14 கிலோமீட்டர். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் கூட்டம் இல்லை. இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்கினி லிங்கம், எம லிங்கம் என்று நடந்தோம். ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போனார்கள். சாதுக்கள் மரத்தடியில் படுத்திருந்தார்கள். ஒரு கடையில் சுக்குக் காபி குடித்தோம்.

ஒருத்தி ஆயுதப்படையில் காவலர். அவள் நடையே வேறு. கை வீசி, நெஞ்சு நிமிர்த்தி. "மேடம் இல்லன்னா எனக்குப் பத்தொம்பதுல கல்யாணம்க்கா. வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட, 'ஒரு வருஷம் குடுங்கண்ணா, செலக்‌ஷனுக்கு நான் பொறுப்பு'ன்னு சொன்னாங்க. ஒரு வருஷம் ரெண்டாச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல."

மற்றவள் நடுக்களத்தில் ஆடியவள். அணியிலேயே கெட்டிக்காரி அவள்தான் என்று காவலர்ப் பெண் சொன்னாள். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு முந்தின வாரம் முட்டியில் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இயன்முறைப் பயிற்சி தர ஆள் இல்லை; பேருந்து ஏறி வேலூர் போய்வரக் காசு இல்லை. இப்போது செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலை. விளையாட்டுக் காலணியின் மேல் பாகத்தைத் தைக்கிறாள். கம்பெனி வண்டி கிராமத்துக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. சம்பளம் ஒழுங்காக வருகிறது, தம்பியைப் படிக்க வைக்கிறாள். குறையாக எதுவும் சொல்லவில்லை. வாயு லிங்கத்துக்கு அருகில் நடக்கையில் மட்டும் கேட்டாள்: "அக்கா, கோச் ஆகணும்னா என்ன படிக்கணும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1920-இல் பக் துரை தொடங்கிய, இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம், சம்மேளனத்தின் லைசென்ஸ்கள். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "படிச்சா அந்த வேலை இருக்குமாக்கா?" என்றாள். கல்லூரிப் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர் என்ற பெயரில் ஒரு வேலை விளம்பரத்தை நான் தமிழ்ப் பத்திரிகைகளில் பார்த்ததே இல்லை. அதை அவளிடம் சொன்னேன். குபேர லிங்கம் வரை யாரும் பேசவில்லை.

சேர்க்காடு

மறுநாள் போளூர் வழியாக வேலூர். காட்பாடி தாண்டிச் சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2002-இல் தொடங்கியது. திருவண்ணாமலைக் கல்லூரிகள் இதன் கீழ்தான். கடலூர், விழுப்புரக் கல்லூரிகளும் அண்மைக்காலம் வரை இதனோடு இருந்தன. கடலூர்க் கரை, தென்பெண்ணை ஓரம், அண்ணாமலை அடிவாரம், ஜவ்வாது மலை என்று நான்கு மண்ணின் பெண்களும் தேர்வுக்கு வந்து நிற்கும் இடம் இதுவாக இருந்தது. இங்கே பதினெட்டு, இருபது பேர் பட்டியலில் பெயர் வந்தால் தென்மண்டலப் போட்டி. அங்கே வென்றால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அதன் சான்றிதழ்தான் காவல்துறைக்கும் ரயில்வேக்கும் திறவுகோல்.

காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது என் மனதில் இருந்தது ஒரே ஒரு கோரிக்கை. பல்கலைக்கழகங்களும், உயர்கல்வித் துறையும், தனியார் கல்லூரி நிர்வாகங்களும் இதைக் கேட்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியிலாவது பெண்கள் கால்பந்துக்கு முழுநேரப் பயிற்சியாளர் என்று ஒரு பணியிடம் உருவாக்குங்கள். அந்தப் பெயரிலேயே நியமன ஆணை கொடுங்கள். லைசென்ஸ் படிக்கச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். காயம்பட்ட பெண்ணுக்கு ஒரு இயன்முறை மருத்துவரை ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு முறை தேசியக் கோப்பை வாங்கிய மாநிலத்துக்கு இது பெரிய செலவே அல்ல.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது, விடுதி எப்படி, பேருந்து உண்டா, வேலை வாங்கித் தருவார்களா என்று கேட்பீர்கள். கூடவே, "பெண்கள் ஃபுட்பால் டீம் இருக்கா? கோச் யாரு?" என்றும் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் நிர்வாகத்துக்குக் காது கேட்கும்.